கொசு அப்படியே இருக்கிறது, யானைக்கால் மட்டும் எப்படிக் குறைந்தது?

கேள்வி: நெய்தல்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சீக்கிரம் ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்க வேண்டும்.

என் ஆயாவுக்கு இடது காலில் யானைக்கால் நோய். அவர் வயதில் எங்கள் தெருவிலேயே இன்னும் சிலருக்கு இருக்கிறது. அம்மா வயதில் யாருக்கும் இல்லை, என் வயதில் சுத்தமாக இல்லை. நான் பள்ளியில் படித்த காலத்தில் வருடம் ஒரு முறை வீடு தேடி வந்து டி.இ.சி. மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுப்பார்கள். அப்புறம் அது நின்றுவிட்டது. நோய் பரவுவது நின்றதால் மாத்திரையை நிறுத்தினோம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். சாக்கடை அப்படியே இருக்கிறது. சாயங்காலம் ஜன்னலைச் சாத்தாவிட்டால் வீட்டில் உட்கார முடியாது. பிடித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன், எல்லாம் கியூலெக்ஸ் குயின்கிஃபேசியேட்டஸ். யானைக்காலைப் பரப்பும் அதே கொசு. கொசு குறையாமல் நோய் எப்படிக் குறைந்தது? அப்படியென்றால் அது திரும்ப வருமா?

இதை ஒட்டி ஏதாவது செய்ய ஆசை. என் வழிகாட்டிப் பேராசிரியர் நொச்சி இலைச்சாற்றில் கொசுப்புழு எத்தனை சாகிறது என்று பார்க்கச் சொல்கிறார், அது சீக்கிரம் முடியும் என்கிறார். எங்கள் துறையில் நல்ல மைக்ரோஸ்கோப் உண்டு, பி.சி.ஆர். வசதி கிடையாது. இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: கண்ணாடித்தகடு

அம்மா நெய்தல், இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு நிறையப் பேச வேண்டும் போலிருக்கிறது. பொறுமையாகப் படிக்கவும். நான் ஃபைலேரியா, அதாவது யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் இன்செக்ட் கலெக்டராகச் சேர்ந்து, பூச்சியியல் பிரிவிலேயே ஓய்வு பெற்றவன். டார்ச்சும் உறிஞ்சுகுழலும் வைத்துக்கொண்டு விடிகாலையில் வீடு வீடாகக் கொசு பிடிப்பது, அதை அறுத்துப் பார்ப்பது, இரவில் ரத்தம் எடுப்பது, இதுதான் என் வேலை.

முதலில், மாத்திரை கொசுவைத் தொடுவதே இல்லை. அது மனிதனின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. யானைக்கால் புழுவின் பெரிய புழுக்கள் நம் நிணநீர்க் குழாய்களில் குடியிருக்கும். அவை போடும் குட்டிகள்தான் மைக்ரோஃபைலேரியா. அவை பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் ஒதுங்கியிருந்து, இரவு பத்து மணிக்கு மேல் தோலோரத்து ரத்தத்துக்கு வரும். நம் ஊர்க் கியூலெக்ஸ் கடிக்கிற நேரமும் அதுதான். அதனால்தான் நாங்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருத் தெருவாகப் போய், திண்ணையில் தூங்குகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் 20 கன மில்லிமீட்டர் ரத்தம் எடுத்தோம். பகலில் எடுத்த தகட்டில் ஒன்றும் தெரியாது. தூக்கம் கெட்டதற்கு ஏசுபவர்களும் உண்டு, காப்பி போட்டுக் கொடுத்தவர்களும் உண்டு.

ஆக, ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா இல்லாத ஊரில் ஆயிரம் கொசு கடித்தாலும் அது வெறும் கடிதான். சரி, மாத்திரை எல்லாருடைய ரத்தத்தையும் முழுதாகச் சுத்தம் செய்துவிட்டதா? இல்லை. சாப்பிடாதவர்கள் இருந்தார்கள். சாப்பிட்டவர்களிலும் சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்படியும் நோய் பரவுவது நின்றது என்றால், அதற்குக் காரணம் இந்தப் புழு மனிதனுக்கு மனிதன் தாவ முடியாமல் திணறுகிற புழு.

மலேரியாவில் கிருமி கொசுவின் உடம்புக்குள் போய்ப் பெருகும். யானைக்கால் புழு கொசுவுக்குள் பெருகாது. ஒரு மைக்ரோஃபைலேரியா போனால், அதிகபட்சம் ஒரு தொற்றும் புழு வெளியே வரும், அவ்வளவுதான். அதுவும் உடனே இல்லை. வயிற்றிலிருந்து நெஞ்சுத் தசைக்குப் போய், இரண்டு முறை தோலுரித்து, மூன்றாம் நிலைப் புழுவாகி, கொசுவின் மூக்குக்கு வந்து சேர 10 முதல் 14 நாள் ஆகும். அத்தனை நாள் கொசு உயிரோடு இருக்க வேண்டும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் நூறு கொசுவில் 80 பிழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 12 நாள் கழித்து மிஞ்சுவது ஏறத்தாழ 7. பிழைப்பது 70 என்று குறைந்தால் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. கொசுவின் எண்ணிக்கையைவிட அதன் வயதுதான் இந்த நோயில் பெரிய விஷயம். இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்தால் பாதிப் பாடம் முடிந்தது என்பேன்.

இன்னும் இருக்கிறது. மலேரியா கொசு எச்சிலோடு கிருமியை உள்ளேயே செலுத்திவிடும். யானைக்கால் கொசு அப்படிச் செய்வதில்லை. கடிக்கும்போது புழு மூக்கின் உறையிலிருந்து வெளியே வந்து தோலின் மேல் விழும். அது தானே ஊர்ந்து, கடித்த ஓட்டையைக் கண்டுபிடித்து உள்ளே போக வேண்டும். பெரும்பாலானவை காய்ந்து செத்துப்போகும். உள்ளே போனதும் ஆணும் பெண்ணுமாக ஒரே ஆளின் உடம்பில் சேர வேண்டும். 1968இல் ரங்கூன் நகரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு ஆளின் ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா தோன்றுவதற்கு, புழு சுமக்கும் கொசுவின் கடி சராசரியாகச் சுமார் 15,500 வேண்டும் என்று வந்தது. வெறும் கடி இல்லை, புழுவோடு கூடிய கடி. உங்கள் ஆயா சிறு வயதிலிருந்து எத்தனை ஆயிரம் கடி வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இதை நினைத்தால் மனசு கனத்துப்போகும். அது அவருடைய அஜாக்கிரதை இல்லை, ஊரின் சாக்கடை.

இதெல்லாம் தெரியவரவே எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா? பேட்ரிக் மான்சன் சீனாவின் அமோய் துறைமுகத்தில் 1877இல் மைக்ரோஃபைலேரியா கொசுவுக்குள் வளர்வதைப் பார்த்துவிட்டார். பூச்சிக்கும் மனித நோய்க்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு என்று உலகம் முதலில் அறிந்தது அங்கேதான். ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவுக்குள் கண்டதற்கு முன்னோடி அவர்தான். ஆனால் மான்சன், கொசு தண்ணீரில் விழுந்து சாகும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு நோய் வரும் என்று நினைத்தார். கொசுவின் மூக்குக்குள்ளேயே புழுவைப் பார்த்து, கடியில்தான் பரவுகிறது என்று ஜார்ஜ் லோ காட்டியது 1900இல். மான்சன் கெட்டிக்காரர்தான். கொசுவை எத்தனை நாள் உயிரோடு வைத்திருந்து பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இங்கேயும் கொசுவின் வயதுதான் விஷயம், பாருங்கள்.

ஆகவே கொசு குறையாமல் நோய் குறைய முடியும். மாத்திரையால் ரத்தத்தில் இருக்கும் புழு ஒரு அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், கொசுவால் சங்கிலியைத் தொடர முடியாது. பெரிய புழுவின் ஆயுள் சராசரியாக 5 முதல் 7 வருடம். அதனால்தான் வருடத்துக்கு ஒரு வேளை வீதம் குறைந்தது ஐந்து வருடம், மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதத்துக்குக் குறையாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று வைத்தார்கள். புழு கிழடாகிச் சாகும் வரை குட்டிகளை ஒழித்துக்கொண்டே இருப்பது. அப்புறம் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைச் சோதிப்பார்கள். ஏன் குழந்தைகள்? அவர்கள் பிறந்ததே சமீபத்தில். அவர்கள் ரத்தத்தில் புழுவின் அடையாளம் இருந்தால் ஊரில் இப்போதும் பரவுகிறது என்று அர்த்தம். நம் கியூலெக்ஸ் பகுதிகளுக்கு அந்த எல்லை 2 சதவீதம். அதற்குக் கீழே இருந்தால் மாத்திரை நிற்கும், சில வருட இடைவெளியில் மறுபடி இரண்டு முறை சோதிப்பார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, திரும்ப வருமா? இதற்கான பதில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது. திருக்கோவிலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் செய்த வேலை அது. சில கிராமங்களுக்கு மாத்திரை மட்டும். சில கிராமங்களுக்கு மாத்திரையும் கொசுக் கட்டுப்பாடும். கொசுக் கட்டுப்பாடு என்றால் புகை அடிப்பது இல்லை. வீட்டுக் கழிவுநீர் இறங்கும் உறிஞ்சுகுழிகளில் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள், கிணறுகளில் மீன் விட்டார்கள். மணிகள் தண்ணீர் மேல் கெட்டியான படலமாக மிதக்கும். கொசுப்புழு வாலால் மூச்சு விட மேலே வர முடியாது. தாய்க்கொசு முட்டைத் தெப்பம் வைக்கவும் முடியாது. மாத்திரை கொடுத்த இரண்டு வகைக் கிராமங்களிலும் நோய் குறைந்தது. ஆனால் மாத்திரை நின்ற பிறகு அந்தப் பலன் நிலைத்தது கொசுவையும் கட்டுப்படுத்திய கிராமங்களில்தான். மாத்திரை மட்டும் கொடுத்த இடங்களில் பரவல் மறுபடி தலைதூக்கியது. 2007இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வந்தது.

புதுச்சேரியில் கொசு ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை நகரம் முழுக்கச் சாக்கடை, கிணறு, செப்டிக் டேங்க் என்று இறங்கி வேலை செய்தபோதும், குழந்தைகளிடம் தொற்று நன்றாகக் குறைந்தது. எனவே மாத்திரையா கொசுவா என்று யாராவது கேட்டால், நான் இரண்டும் என்றுதான் சொல்வேன். அவற்றில் நம் ஊரில் பாதிதான் நடந்திருக்கிறது. மாத்திரை வந்தது. சாக்கடைக்கு யாரும் வரவில்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

ப்ராஜெக்ட் பற்றி: இலைச்சாறு வேண்டாம். நொச்சி, வேம்பு, துளசி, ஆடாதொடை என்று தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் செய்யாத இலையே இல்லை. சோதனைக்கூடத்துப் பீக்கரில் நல்ல தண்ணீரில் புழு சாகும். செப்டிக் டேங்க் கழிவில் அதே சாறு என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் தெருவில் கொசு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பி.சி.ஆர். வேண்டாம்.

பதில்: செவிலி

கண்ணாடித்தகடு ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். நான் கிராம சுகாதார செவிலியராக மாத்திரை கொடுக்கப் போனவள். கொடுத்த மாத்திரை எண்ணிக்கையும் விழுங்கிய மாத்திரை எண்ணிக்கையும் ஒன்றாக இருந்ததே இல்லை. "வெச்சிட்டுப் போம்மா, சாப்ட்டதும் போட்டுக்கிறேன்" என்பார்கள். மாத்திரை அலமாரியிலேயே இருக்கும். நன்றாக இருக்கிற ஆம்பளைங்கதான் அதிகம் தவிர்த்தார்கள். ரத்தத்தில் புழு இருந்தும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவர்கள் நிறைய இருப்பார்கள், பரப்புவது அவர்கள்தான். மாத்திரை போட்டதும் காய்ச்சல், தலைவலி வந்தால் மருந்து தப்பு என்று ஊரே பேசும். உண்மையில் புழு இருந்தவர்களுக்குத்தான் அது அதிகம் வந்தது, செத்த புழுவின் விளைவு. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, எதிரிலேயே நின்று தண்ணீர் கொடுத்து விழுங்க வைத்த தெருக்களில் சண்டை வரவில்லை.

தங்கச்சி, உங்கள் ஆயாவின் காலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பரவல் நின்றாலும் வீங்கிய கால் தானாக இறங்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துணியால் ஒற்றி எடுங்கள். விரலிடுக்கில் புண், வெடிப்பு இருந்தால் மருந்து தடவ வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்க வேண்டும், கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்ய வேண்டும், செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது. நெறி கட்டி, குளிர் காய்ச்சல் வருகிற ஒவ்வொரு முறையும் வீக்கம் கூடும். அந்தக் காய்ச்சலைத் தருவது பெரும்பாலும் வெடிப்பு வழியாகப் புகும் பாக்டீரியா. கழுவத் தொடங்கிய வீடுகளில் அது வெகுவாகக் குறைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு அரசு மாத உதவித்தொகை உண்டு, ஆயாவுக்கு வருகிறதா என்று கேளுங்கள்.

பதில்: வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். விலங்கியல் படித்து, இப்போது நுளம்பு (நீங்கள் சொல்லும் கொசு) ஆய்வில் இருக்கிறேன். நோய் போனபின் நுளம்பைக் கவனிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் நாட்டு மலேரியாக் கதை நல்ல உதாரணம்.

1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். வெற்றி என்று நினைத்து மருந்து தெளிப்பதையும் ஆட்களையும் குறைத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை 5 லட்சத்தைத் தாண்டியது. மறுபடி அதைக் கீழே கொண்டுவர நாற்பது ஆண்டுக்கு மேல் போயிற்று. இங்கேயே பரவிய கடைசி நோயாளர் 2012 அக்டோபரில். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. யானைக்கால் ஒழிப்புக்கான அங்கீகாரமும் அதே 2016இல்தான்.

அதே 2016 கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீஃபென்சி என்ற நுளம்பு பிடிபட்டது. அதற்கு முன் இலங்கையில் அது இருந்ததில்லை. பிறகு யாழ்ப்பாண நகரக் கிணறுகளிலும் கண்டோம். உங்கள் சென்னையில் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிட்டு நகர மலேரியாவைப் பரப்புவது அதுதான். எங்கள் பழைய மலேரியா நுளம்பு ஓடை, ஆற்றுக் குழிகளில் பெருகும், ஊருக்கு வெளியே. இது வீட்டுக் கிணற்றுக்குள் வந்துவிட்டது. நோய் இல்லாத நாட்டில் புதிய நுளம்பு வந்ததைக் கண்டது எப்படி? மலேரியா போன பிறகும் ஆட்கள் கிணறு கிணறாகப் போய்ப் புழு எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான். சுழியம் என்று எழுதும் படிவத்தை ஒவ்வொரு மாதமும் நிரப்புகிறவருக்குச் சலிப்பு வரும். அந்த வேலையை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது என்பது என் எண்ணம்.

நெய்தல், பாதுகாக்கப்பட வேண்டிய வெற்றி உங்கள் ஊரிலும் இருக்கிறது. தயங்காமல் இறங்குங்கள்.

கேள்வியாளர்: நெய்தல்

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. ஆயாவுக்கு நேற்றிலிருந்தே கால் கழுவத் தொடங்கிவிட்டோம். உதவித்தொகை வரவில்லை, விசாரிக்கிறோம்.

ஐயா, பேராசிரியரிடம் பேசினேன். களப்பணி செய், ஆனால் யானைக்கால் புழு கொசுவில் இருக்கிறதா என்பதையும் பார் என்கிறார். கொசு அறுத்துப் பார்த்தால் போதுமா? எத்தனை வேண்டும்? வீட்டாரிடம் ரத்தம் எடுக்கலாமா?

பதில்: கண்ணாடித்தகடு

ரத்தம் எடுக்க வேண்டாம். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, மருத்துவர், பாசிட்டிவ் வந்தால் சிகிச்சை எல்லாம் வேண்டும். உங்கள் கையைக் கொசுவுக்குக் காட்டிப் பிடிப்பதும் வேண்டாம், டெங்கு இருக்கிற ஊர்.

அறுப்பது கற்றுக்கொள்ளுங்கள். சலைன் துளியில் தலை, நெஞ்சு, வயிறு மூன்றையும் பிரித்துத் தனித்தனியாகப் பாருங்கள். இளம் நிலைகள் நெஞ்சில் இருக்கும், மூன்றாம் நிலை தலையில், மூக்கில் தேட வேண்டும். ஆனால் எதிர்பார்ப்பு சரியாக இருக்கட்டும். 300 கொசு அறுத்து ஒன்றிலும் புழு இல்லை என்றால், "இந்தத் தெருவில் புழு இல்லை" என்று எழுத முடியாது. தொற்றுள்ள கொசு 1 சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு என்று மட்டும் எழுதலாம். நோய் அடங்கிய ஊரில் உண்மை விகிதம் அதற்கும் கீழேதான் இருக்கும். அதனால்தான் ஆய்வகங்களில் கொசுக்களை 25, 25 ஆகச் சேர்த்து அரைத்துப் பி.சி.ஆர். செய்கிறார்கள். கொசுக்களைக் காயவைத்து, இடமும் தேதியும் எழுதிச் சிலிக்கா ஜெல்லோடு பத்திரப்படுத்துங்கள். புதுச்சேரி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. படிப்பே இருக்கிறது. உங்கள் துறைத் தலைவர் வழியாக முறைப்படி எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

ப்ராஜெக்டின் உடம்பு வேறாக இருக்கட்டும். இரண்டு தெரு எடுங்கள், ஒன்றில் திறந்த சாக்கடை, இன்னொன்றில் செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும். இரண்டிலும் கொசு பிறக்கக்கூடிய ஒவ்வொரு இடத்தையும் படம் வரைந்து எண் கொடுங்கள். வாரம் ஒரு முறை டிப்பரால் (நீண்ட கைப்பிடி வைத்த அகப்பை) முகந்து முட்டைத் தெப்பம், புழு, கூட்டுப்புழு மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். கூட்டுப்புழு எண்ணிக்கைதான் முக்கியம். இன்றைய கூட்டுப்புழு இரண்டு மூன்று நாளில் கடிக்கிற கொசு. செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து பார்க்க விடமாட்டார்கள், திறப்பதும் ஆபத்து. வென்ட் பைப் வாயில் இரவு வலைப் பை கட்டி வைத்து, காலையில் உள்ளே எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு குழாயிலிருந்து வருவதைப் பார்த்தால் தெருவே நம்பாது. வீட்டுக்காரருக்கு அந்தப் பையைக் காட்டுங்கள், மறுநாளே வலை கட்டிவிடுவார்.

வளர்ந்த கொசுவைப் பிடிக்க, வைக்கோல் ஊறவைத்த தண்ணீரில் முட்டையிட வருவதைப் பிடிக்கும் பொறி நல்லது. அதில் மாட்டுவது பெரும்பாலும் ஒரு முறையாவது ரத்தம் குடித்த கொசு. அறுத்துப் பார்க்க அதுதான் வேண்டும்.

இன்னொன்று. நோய் இன்னும் இருக்கும் மாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் தங்கும் கொட்டகைகள் உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருந்தால், அதை வரைபடத்தில் குறியுங்கள். அவர்களை யாரும் குறை சொல்லும்படி எழுதாதீர்கள். அவர்களுக்குத்தான் முதலில் சிகிச்சை கிடைக்க வேண்டும், கொட்டகைக்குப் பின்னால் தேங்கும் கழிவுநீரில் அதிகம் கடிபடுபவர்களும் அவர்கள்தான். வரைபடத்தின் ஒரு நகலை ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். இரவு ரத்தப் பரிசோதனைக்கு எங்கே போவது என்று முடிவு செய்ய அவருக்கு அது உதவும்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். கனமழையில் சாக்கடை அடித்துக்கொண்டு போய் எண்ணிக்கை விழும், மழை நின்று தண்ணீர் தேங்கியதும் ஏறும். இரண்டையும் பிடித்தால்தான் உங்கள் வரைகோட்டுக்கு அர்த்தம். முதல் மாதக் கணக்கு வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.